மலரின் தூண்டிலை யாரும் தொடவில்லை

ஒன்ராறியோ ஏரியின் ஏகசக்கராதிபதியும், ஒஷாவா கார்ப்பாகத் தொழிற்சாலையின் இரவுநேரச் சிங்கமும், என் ஒரே தங்கை மலரைக் கட்டிய காரணத்தால் என் கோபத்தில் பாதியையும் என் கொழுக்கட்டையில் முழுவதையும் உரிமையாக்கிக்கொண்டவனுமாகிய என் அன்பு மச்சான் குலத்துக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஆகவே எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியதைக் கேட்கிறேன். அங்கே நித்திரை எப்படி, மச்சான்? போன கையோடு இரவு வேலை ஏதும் தந்துவிட்டார்களா? கண்டவுடனே ஓவர்ரைம் செய்யச் சொல்லிக் கேட்கத் தோன்றுகிற முகமடா உனக்கு. யமதர்மராசனுக்கும் அப்படித் தோன்றியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இங்கத்தைய தலைப்புச் செய்தி: மீன்பிடிச் சீசன் முடிந்துவிட்டது. கப்டன் றொன் தன் படகைக் கிரேனால் கரைக்குத் தூக்கி, வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் இறுக்கிச் சுற்றி, பனிக்காலத்துக்குப் படுக்கப் போட்டுவிட்டார். ஸ்காபரோ குன்றுகளுக்குக் கீழே அது இப்போது ஒரு இராட்சதக் கொழுக்கட்டை போலக் கிடக்கிறது. கடைசிப் பயணத்தில் நாங்கள் போனோம். நீ இல்லாமல் போன முதற் பயணம். அதில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை. தின்கிறேன்தான். ஆனால் ருசிக்கவில்லை.

உனக்குத் தெரிந்த விசயங்களையும் இதில் எழுதுவேன். கோபிக்காதே. இதைப் பத்திரிகையில் போடப்போகிறார்கள். பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிறவர்களுக்கும் விளங்க வேண்டாமா?

ஆகையால் சபையோரே, கேளுங்கள். எங்கள் மல்வேர்ன் வட்டாரம் முழுவதும், பக்கத்து அஜின்கோர்ட்டில் பாதியும், மீன்பிடியில் மகாவீரன் என்று நம்பியிருந்த என் மச்சான் குலம், தன் வாழ்நாளில் ஒரு மீனைக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு நெத்தலியைக்கூட. ஆண்டுதோறும் செப்ரெம்பர் முடிவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அந்தப் படகை ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுப்போம். நான், குலம், பொன்னுத்துரை அண்ணை, யோகன். ஒஷாவாவில் இரவு வேலை முடித்து, உடுப்பும் மாற்றாமல் குலம் நேரே படகுத்துறைக்கு வருவான். படகு துறையைத் தாண்டும்வரை நிற்பான். பிறகு முன்பக்கத்துச் சின்ன அறைக்குள் குனிந்து இறங்குவான். அதோடு சரி. திரும்பவும் படகு கரையில் முட்டும்போதுதான் மனிசன் கண் திறக்கும்.

முதல் வருடம் எழும்பிய உடனே நீ கேட்டது ஞாபகமிருக்கிறதா? மீன் பட்டதா என்று கேட்கவில்லை. "மச்சான், மலருக்கு மட்டும் சொல்லிப்போடாதை. கிடைச்ச ஒரு லீவு நாளையும் படுத்தே கழிச்சனெண்டா கவலைப்படுவாள்" என்றாய். அந்தக் கணத்தில் என்னுள் இருந்த பெருங்கவிஞன் விழித்துக்கொண்டான். நான் பிடித்த சமன் (சால்மன்) மீனை உன் கையில் தந்தேன். மறுநாள் பின்னேரம் உன் வீட்டு வரவேற்பறையில் நின்று, நீ அந்த மீனோடு பொருதிய கதையைப் பாடினேன். முதல் வருடம் மீன் என் இடுப்பளவு. அடுத்த வருடம் அது படகை ஒஷாவாவரை இழுத்துப்போனது. அதற்கடுத்த வருடம் நீ தண்ணீருக்குள் குதித்து அதன் செவுளைப் பிடித்துக் கொண்டுவந்தாய். உனக்கு நீச்சல் தெரியாது என்பது அவையில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மலர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ மூலையிலிருந்து பருப்பும் சோறும் தின்றாய். அந்த மீனில் ஒரு துண்டுகூட நீ எடுத்ததில்லை. ஏன் மச்சான்? பிடிக்காத மீனைத் தின்னக் கூடாது என்கிற நேர்மையா? எத்தனை முறை கேட்டேன், ஒருமுறையாவது பதில் சொன்னாயா?

சரி. இனி நீ போனபின் நடந்ததைக் கேள்.

உன் முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்தது. ஐயர் போனார், பந்தல் கழற்றினார்கள், கதிரைகளை அடுக்கினோம். அதன்பிறகு ஒரு நாளில், போனவருக்குப் பிடித்த மச்சமெல்லாம், மீனும் இறைச்சியுமாக, சமைத்து வாழையிலையில் படைக்கிறது எங்கள் வழக்கமல்லவா? அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தோம். என்ன மீன் வாங்குவது என்று பேச்சு வந்தது.

"அஜின்கோர்ட் கடையில நல்ல விளைமீன் இறங்கியிருக்காம்" என்றார் பொன்னுத்துரை அண்ணை. கடைக்கு மீன் வந்தால் கடைக்காரருக்கு முதலே அவருக்குத் தெரிந்துவிடும்.

"கடை மீன் வேண்டாம்" என்றாள் மலர். "அவர் பிடிக்கிற மீன்தான் வேணும். அந்த ஏரி மீன். அண்ணா, சனிக்கிழமை உங்கட கடைசிப் படகு போகுதெல்லோ? நானும் வாறன். நானே பிடிக்கிறன்."

யோகன் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"தங்கச்சி, அந்த அலைக்கு உனக்குத் தலை சுத்தும்" என்று தொடங்கினார் பொன்னுத்துரை அண்ணை. "அதோட சனிக்கிழமை. புரட்டாசிச் சனி! நான் விரதம். நீ விரதம். யோகனே விரதம். விரத நாளில போய் உயிர்க்கொலை செய்யிறதே?"

"பதிவு செய்யேக்க கலண்டர் பாக்கேல்லையோ அண்ணை?" என்றாள் மலர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் யோகனைப் பார்த்தேன். யோகன் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைப் பார்த்தான். ஒவ்வொரு வருடமும் அந்தப் பயணம் புரட்டாசியில்தான் விழுகிறது. ஒவ்வொரு வருடமும் நாங்கள் பதிவு செய்து முடித்தபிறகுதான் அதைக் கண்டுபிடிக்கிறோம். இந்தப் பூமிப்பந்தில் எங்களைத் தவிர வேறெந்த இனமும் மீன் தின்னக்கூடாத நாளைத் தேடிப்பிடித்து மீன்பிடிக்கப் போகாது.

"பிடிக்கிறது சனி. காய்ச்சிறது ஞாயிறு" என்று தீர்ப்புச் சொன்னாள் உன் பெண்சாதி. "சனீஸ்வரனுக்கு இதில என்ன நட்டம்?"

பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: "அண்ணா, வருசம் முழுக்க நான் இந்த வீட்டில காணாத ஒரு முகத்தோட அவர் அங்கயிருந்து வாறவர். அண்டைக்கு ஒரு நாள்தான் அந்த முகம். அங்க என்ன இருக்கெண்டு நான் ஒருக்காப் பாக்க வேணும். படகைக் கட்டிவைக்க முதல் பாக்க வேணும்."

நான் என்ன செய்வேன், மச்சான்? மூவுலகத்துக்கும் கதை சொல்லி வாயடைக்கிற இந்த இராசன், அன்றைக்கு வாயைத் திறந்து, "வா" என்றான்.

வாசலில் மூன்று பேரும் இரகசிய மகாநாடு கூடினோம்.

"அண்ணை, அங்க வந்து எங்க நிண்டு பிடிச்சவர், எப்பிடிப் பிடிச்சவரெண்டு கேட்டா என்ன சொல்லுறது?" யோகன் இரகசியம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். அப்படிப்பட்ட குரல் அவனுக்கு.

"நீ வாயைத் திறக்காதை. நான் சொல்லுவன்" என்றேன்.

"கப்டன்?"

அதுதான் சிக்கல். றொன் பொய் சொல்லத் தெரியாத மனிசர். அதைவிட மோசம், நல்ல மனிசர்.

சனிக்கிழமை விடிகிற நேரம் படகுத்துறையில் நின்றோம். மலர் உன்னுடைய பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கை நீளம் மிஞ்சி விரல் தெரியவில்லை. பொன்னுத்துரை அண்ணை முதல்நாள் கோயில் அர்ச்சனையில் கிடைத்த வாழைப்பழச் சீப்போடு வந்தார். அதைக் கண்டதும் றொன்னின் முகம் வெள்ளையிலிருந்து இன்னும் வெள்ளையானது. படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் வராது, இயந்திரம் நிற்கும், புயல் அடிக்கும் என்பது அவர்களுடைய சாத்திரமாம். தண்ணீருக்குள் எறியச் சொன்னார். பிரசாதத்தை எறிவதா? இரண்டு சாத்திரமும் மோதிக்கொண்டதில், குளிரில் நடுங்கியபடி கரையில் நின்று முழுச் சீப்பையும் நாங்கள் தின்று முடித்தோம். எங்களோடு சேர்ந்து மலரும் ஒன்று தின்றாள். நீ போனபிறகு ஒருவரும் வற்புறுத்தாமலே அவள் ஏதோ தின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

றொன்னைப்பற்றிச் சபையோருக்கு ஒரு வார்த்தை. பனிக்காலங்களில் தெற்கே சூடான கடலில் பணக்காரரை ஏற்றிக்கொண்டு மார்லின் பிடிக்கப் போன மனிசர் அவர். மார்லின் என்றால் வாள் போல மூக்கு நீண்ட கடல் மீன், ஆளைவிடப் பெரிது. அந்த நாட்களின் நினைவாக, மார்லினோடு மல்லுக்கட்டுகிறவர் இருக்கிற பென்னாம்பெரிய சுழல் நாற்காலி ஒன்றை இந்த ஏரிப் படகின் பின்தட்டிலும் பூட்டி வைத்திருக்கிறார். ஏரியில் மார்லின் கிடையாது. ஆனால் நாற்காலி உண்டு. அதோடு மார்லின்காரரின் சட்டமும் உண்டு. யாருடைய முறையோ அவர் மட்டுந்தான் தூண்டிலைத் தொடலாம். மற்றவன் ஒரு விரல் வைத்தாலும் அந்த மீன் கணக்கில் இல்லை. பெற்ற தாய்க்குக்கூட விலக்குக் கிடையாது. ஒருமுறை யோகன் வழுக்கி விழப்போய் என் தடியைப் பிடித்ததற்காக அந்த மனிசர் மதியம்வரை எங்களோடு பேசவில்லை.

அன்றைக்கு முதல் முறை மலருக்கு என்று அவரே அறிவித்தார். தன் தொப்பியைக் கழற்றி, உன் பேரைச் சொல்லி, கவலை தெரிவித்து, நாற்காலியைத் துடைத்து அவளை இருத்தினார். சமன் பிடிக்கிற விதம் உனக்குத் தெரியாது. (தெரிய நீ விழித்திருந்தால் அல்லவா!) தூண்டில் தடிகளைப் படகின் விளிம்பில் குழாய்களுக்குள் நட்டுவிட்டு, படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே போவார்கள். மீன் தானாக வந்து கவ்வும்வரை வேறு வேலை இல்லை. பேச்சுத்தான் வேலை. அதனால்தான் எனக்குப் பயம்.

"அண்ணா, இவர் எதில இருந்து பிடிச்சவர்?"

"இதே நாற்காலியிலதான்! இந்த இடத்திலதான் உன்ர புருசன் காலை உதைச்சுக்கொண்டு இருந்தவன். மல்வேர்ன் பஸ் அளவில ஒரு மீன் தண்ணியைக் கிழிச்சு எழும்பி அவனைப் பாத்துது. அவன் அதைப் பாத்தான். ரெண்டு பேரும் கண் வெட்டேல்ல..."

றொன் சுக்கானைப் பிடித்தபடி திரும்பினார். குலத்தின் இடம் அதில்லை என்றார் ஆங்கிலத்தில். முன் அறையைக் காட்டினார். அங்கேதான் அவர் படுப்பார், குழந்தை மாதிரி உறங்குவார், அவருக்காகவே தலையணை ஒன்று வைத்திருக்கிறேன் என்றார்.

"என்ன சொல்லுறார்?" என்றாள் மலர்.

"அந்த அறையிலதான் குலம் மீனுக்கு வியூகம் வகுக்கிறவர், அவ்வளவு புத்தியுள்ள ஆளைத் தான் கண்டதில்லையெண்டு சொல்லுறார்."

"அண்ணா." அவள் கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டாள். "நான் முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். நாள் முழுக்க உவையளோடதான் இங்கிலீசில கதைக்கிறன்."

பொன்னுத்துரை அண்ணை அவசரமாக வானிலையை ஆராய்ந்தார். யோகன் தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். நான் ஏரியைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஏரியில் எனக்கு ஒளிக்க ஒரு மூலை இல்லை.

மலர் நாற்காலியைவிட்டு எழும்பி, அந்த அறை வாசலில் குனிந்து உள்ளே பார்த்தாள். ஒரு ஒடுங்கிய பலகைக் கட்டில். சாம்பல் நிறக் கம்பளி. வட்டமாக ஒரு கண்ணாடி யன்னல், அதில் ஏறி இறங்கும் தண்ணீர். தலையணை. நிறைய நேரம் பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். அடி வாங்கக்கூட ஆயத்தம்.

"எவ்வளவு நேரம் நித்திரை கொள்ளுவார்?"

"போகேக்க துவங்கினா, திரும்பிவந்து கட்டும்வரைக்கும்."

"இடையில எழும்புறேல்லையோ?"

"இல்லை."

"ஒருக்காலும்?"

"மேல நாங்கள் மீன் ஏத்திக் கூத்தடிப்பம். அப்பவும் இல்லை."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்தபோது அவள் முகத்தில் இருந்தது வேறொன்று. கணக்குப் புரியாமல் இருந்த பிள்ளைக்கு விடை தெரிகிறபோது வருகிற முகம்.

"இஞ்ச போன் இருக்கோ அண்ணா?"

"றொன்னட்ட படகு றேடியோ ஒண்டு இருக்கு. போன் இல்லை."

"அப்ப ஒருத்தரும் இஞ்ச எடுக்கேலாது."

"ஏலாது."

"வீட்டில போன் அடிக்க முதலே எழும்பி நிப்பார்" என்றாள். "கொழும்பில இருந்து வருமோ, வவுனியாவில இருந்து வருமோ, என்ன செய்தியோ, ஊர்ச் சண்டையில ஆருக்கு என்னவோ எண்டு. வராத நாளும் அப்பிடித்தான். நான்தான் சரியாப் பாக்கேல்லையோ, சாப்பாடு சரியில்லையோ, கட்டில் சரியில்லையோ எண்டு யோசிச்சு ரெண்டு மெத்தை மாத்திப்போட்டன்."

மச்சான், உன்னைப்பற்றி நான் கட்டிய அத்தனை கதைகளிலும் இந்த ஒரு கதையை நான் யோசிக்கவே இல்லை. இரவு வேலைக் களைப்பு என்று நினைத்தேன். படகின் ஆட்டம் தாலாட்டுகிறது என்று நினைத்தேன். என் பேச்சுத் தாங்காமல் மயங்கினாய் என்றுகூட ஒருமுறை நினைத்தேன். உனக்காவது அது தெரிந்திருந்ததா? அல்லது தலையணை கண்டதும் சரிந்தாயா, அவ்வளவுதானா?

"கொஞ்சம் சரிஞ்சு பாக்கிறன்" என்றாள் மலர். "எப்பிடியிருக்கெண்டு மட்டும். மீன் வந்தாக் கட்டாயம் எழுப்புங்கோ. படையலுக்கு அது வேணும்."

சப்பாத்தைக் கழற்றி வாசலில் சோடியாக வைத்தாள். கம்பளியை இழுத்தாள். நான் திரும்பிப் பின்தட்டுக்கு வந்து, பொன்னுத்துரை அண்ணையின் மரக்கறி ரோல் ஒன்றை வாயில் வைத்துக் கடிப்பதற்குள் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. என் தங்கையின் குறட்டை! சின்னதாக, பூனை மாதிரி. நீ போன நாளிலிருந்து அந்தப் பிள்ளை கண்மூடியதை வீட்டில் ஒருத்தரும் கண்டதில்லை. பெண்கள் மாறி மாறி அவளோடு படுத்தார்கள். காலையில் அவர்கள்தான் எழும்பினார்கள். அவள் முதலே எழும்பித் தேத்தண்ணி போட்டிருப்பாள்.

அப்போதுதான் மீன் வந்தது.

மச்சான், நான் இதுவரை சொன்ன மீன்களையெல்லாம் மறந்துவிடு. அவை பொய். இது வேறு. மலரின் தடி அரைவட்டமாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. நூல் சுற்றியிருந்த றீல் வீறிட்டுக் கத்தியது. நூல் போகிற வேகத்தில் புகை வரும் என்று நினைத்தேன். தூரத்தில் ஏரி பிளந்து, வெள்ளிக் கதவு ஒன்று திறந்து மூடியதுபோல ஒரு விலா தெரிந்தது. மார்லின்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்த றொன்னே வாயைப் பிளந்தார். பிளந்த வாயால் "மீன்!" என்று கத்தப்போனார். நான் பாய்ந்துபோய் அந்த வாயைப் பொத்தினேன்.

ஒரு கப்டனின் வாயை அவருடைய படகிலேயே பொத்துவது எவ்வளவு பெரிய குற்றமோ எனக்குத் தெரியாது. யோகனும் கத்தத்தான் போனான். பொன்னுத்துரை அண்ணை அவனுடைய கம்பளித் தொப்பியைக் கழற்றி அவன் வாய்க்குள்ளேயே திணித்துவிட்டார்.

"நித்திரை" என்றேன் றொன்னிடம், காற்றுக் குரலில், இரண்டு மொழியிலும்.

அவர் தடியைக் காட்டினார். அவளுடைய முறை, அவளுடைய மீன் என்று உதட்டை மட்டும் அசைத்தார். நான் தடியை நோக்கி ஒரு அடி வைத்தேன். அவர் கையை நீட்டிக் குறுக்கே மறித்தார். சட்டம்! ஒன்றில் அவளை எழுப்பு, அல்லது விடு.

"எழுப்படா" என்று என் காதுக்குள் ஊதினார் பொன்னுத்துரை அண்ணை. "புருசன்ர படையலுக்கெண்டு அந்தப் பிள்ளை இந்த ஒண்டைத்தானே கேட்டது! நாளைக்கு இலையில எதை வைக்கிறது? இனிச் சீசனும் இல்லை."

"இப்ப நித்திரை கொள்ளுறாள் அண்ணை."

"கட்டாயம் எழுப்பச் சொன்னவளடா!"

"நித்திரை வரும் எண்டு தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருக்கமாட்டாள்."

அவர் அறைப் பக்கம் பார்த்தார். உள்ளே பூனைக் குறட்டை ஒருமுறை தடைப்பட்டது. நாலு ஆம்பிளைகளும் மூச்சை விடவில்லை. புரண்டு படுக்கிற சத்தம். றீல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதுதான் அவளை எழுப்பப்போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

அப்போது றொன் செய்தார் பார், மச்சான். பெற்ற தாய்க்கும் விலக்கில்லை என்ற அந்தச் சட்டக்கார மனிசர், என்னை மறித்த அதே கையைத் தடிப்பக்கம் கொண்டுபோனார். றீலின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு; நூல் ஓடினால் சத்தம் போடுவதற்கானது. ஒற்றை விரலால் அதை மெல்லத் தள்ளி நிறுத்தினார். சத்தம் நின்றது. விரலை எடுத்து, திருடினவர் மாதிரிக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவுதான். ஏரி வரலாற்றின் மாபெரும் மீன், சத்தமில்லாமல் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. கையெட்டும் தூரத்தில் தடி. யாரும் தொடவில்லை. யோகனின் கண்ணால் தண்ணீர் வழிந்தது. தொப்பி மூச்சு முட்டியதாகப் பிறகு சொன்னான். நூல் குறையக் குறைய றீலின் அடியில் வெறும் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. கடைசிச் சுற்று. ஒரு சின்னச் சொடுக்கு, விரலில் நெட்டி முறிக்கிற அளவு. வளைந்திருந்த தடி நிமிர்ந்து நின்றது.

பொன்னுத்துரை அண்ணை கைகூப்பிக் கும்பிட்டார். யாரை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சனீஸ்வரனையா, மீனையா, உன்னையா?

றொன் மற்றத் தூண்டில்களையும் சுருட்டி எடுத்துவிட்டார். இயந்திரத்தை அடக்கி, ஏரியில் பெரிய வட்டமாக வளைத்து, திருமண ஊர்வலம் போகிற வேகத்தில் கரைக்கு வந்தார். அங்கே கிரேன்காரன் படகைத் தூக்கக் காத்துக்கொண்டு நின்றான். றொன் அவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அவனும் தலையாட்டிவிட்டுத் தன் வண்டிக்குள் ஏறி இருந்துகொண்டான். வெயில் சரியும்வரை கட்டிய படகில், வாயைத் திறக்காமல் நாங்கள் இருந்தோம். நான் இருந்தேன் மச்சான், வாயைத் திறக்காமல். இதை நீ நம்பமாட்டாய்.

மலர் எழும்பி வந்தபோது கன்னத்தில் தலையணை மடிப்பு வரியாக விழுந்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "மீன் வந்ததோ அண்ணா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும், இராசன் இப்போது ஒரு திமிங்கிலத்தை அவிழ்த்துவிடுவான் என்று.

"ஒண்டும் வரேல்லையம்மா" என்றேன்.

"ஒண்டுமோ?"

"ஒரு கடிகூட இல்லை."

"பரவாயில்லை" என்றாள். கையை உயர்த்திச் சோம்பல் முறித்தாள். உன் கோட்டுக் கைகள் இரண்டும் தோளுக்கு வழுகின. "அண்ணா, எனக்குப் பசிக்குது."

அந்த முகத்தைத்தான் மச்சான் சொல்ல வந்தேன். அவள் பார்க்க வந்த முகம். கண்ணாடி இல்லாதபடியால் அவள் மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் இலையில் அஜின்கோர்ட் விளைமீன் குழம்பு இருந்தது. நண்டு, இறால், கணவாய், ஆட்டிறைச்சி எல்லாம் இருந்தன. "ஏரி மீன் இல்லையெண்டு கவலைப்படாதைங்கோ" என்றாள் மலர் என்னிடம், பரிமாறிக்கொண்டே. "அவர் அதைத் தின்னுறேல்லைத்தானே." பிறகு கொஞ்சம் பருப்பை எடுத்து இலையின் நடுவில் வைத்தாள். சரியாகத்தான் வைத்தாளா? சொல்லிவிட முடியுமென்றால் ஏதாவது ஒரு வழியில் சொல்லிவிடு.

கேட்க வேண்டியவை இன்னும் கிடக்கின்றன. அந்தக் கட்டிலில் கனவு ஏதும் வந்ததா? நாங்கள் மேலே கூத்தடித்தது ஒருமுறையாவது கேட்டதா? நான் உன் பெயரால் பாடிய கதைகளில் எது உனக்குப் பிடித்தது? செவுளைப் பிடித்த கதை என்றுதான் நான் நினைக்கிறேன்.

மலர், இதை நீயும் வாசிப்பாய் என்று தெரியும். வந்தது, தங்கச்சி. உன்னுடைய முறையில், உன்னுடைய தூண்டிலில், இந்த ஏரி கண்ட மிகப்பெரிய மீன் வந்தது. உன் அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு மீனைச் சின்னதாக்கிச் சொன்னது அன்றைக்கு மட்டுந்தான். கோபமென்றால் பொன்னுத்துரை அண்ணையைத் திட்டு. அவர் எழுப்பத்தான் சொன்னார், ஆனால் போதிய சத்தமாகச் சொல்லவில்லை.

குலம், உனக்கு ஒரு வாக்கு. பனி உருகிப் படகு தண்ணீரில் இறங்கினதும் அவளைத் திரும்பக் கூட்டிப்போவேன். முறை வரும்போது விழித்திருந்தால் அவள் பிடிக்கட்டும். உறங்கினால், மார்லினே வழிதவறி ஒன்ராறியோ ஏரிக்கு வந்து கவ்வினாலும், நான் அதைப் பார்த்துக் கையசைத்து அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
உன் பெண்சாதியின் தமையனும், உன் மீன்கள் அத்தனையையும் பிடித்தவனுமாகிய
உன் மச்சான் இராசன்